கீழே விழுந்த ஹெல்மெட்டைத் தொடர்ந்து போடலாமா?

தென்காசி ரைடர்:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று அலுவலகத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டை சீட்டின் மேல் வைத்தேன். சாவியை எடுப்பதற்குள் அது சரிந்து சிமென்ட் தரையில் விழுந்து உருண்டு போனது. முழு முக ஹெல்மெட், 3 வருடம் முன்பு 1,800 ரூபாய்க்கு வாங்கியது, ஐஎஸ்ஐ முத்திரை உண்டு. பின்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் உரிந்திருக்கிறது. விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்பா, "ஒரு தடவை விழுந்தால் அவ்வளவுதான், தூக்கிப் போடு" என்கிறார். அலுவலக நண்பர், "அடி வாங்குவதற்குத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்" என்கிறார். தினமும் போக வர 35 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக உள்ளே வியர்வை வாடை வேறு. கழுவிப் போட்டுக்கொள்ளலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?

ஜிபி ரோடு பழைய ஆள்:
தம்பி, சென்னை ஜி.பி. ரோட்டில் 22 வருடம் ஹெல்மெட் விற்றவன் நான். முதலில் இதைச் சொல்லுங்கள். விழும்போது உள்ளே பூட்டு, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் ஏதாவது இருந்ததா? இரண்டாவது, வண்டியை நிறுத்தினால் வழக்கமாக எங்கே மாட்டுவீர்கள்?

தென்காசி ரைடர்:
உள்ளே எதுவும் இல்லை அண்ணா. வழக்கமாக சைடு மிரரில் கவிழ்த்துவிடுவேன். நேற்று மட்டும்தான் சீட்டில் வைத்தேன்.

கோதை:
எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. சந்தேகம் வந்துவிட்டதா, மாற்றிவிடுங்கள். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது. 1,800 ரூபாய் பெரிய தொகைதான், ஆனால் ஒவ்வொரு நாளும் ரோட்டில் அந்தச் சந்தேகத்தோடு எப்படி ஓட்டுவீர்கள்?

அச்சுவார்ப்பு:
கோதை சொல்வதன் பின்னால் உள்ள பயம் நியாயமானது. ஆனால் ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. நான் பிளாஸ்டிக் வார்ப்பு ஆலையில் வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டில் மூன்று அடுக்கு. வெளியே ஓடு. நம் ஊரில் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அல்லது பாலிகார்பனேட், விலை கூடினால் ஃபைபர் கிளாஸ். உள்ளே நம் கன்னத்தில் படுகிற துணி, பஞ்சு. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் கறுப்பு நிறத்தில் ஒரு கெட்டியான தெர்மோகோல். டிவி வாங்கும்போது பெட்டிக்குள் வருகிற அதே பாலிஸ்டைரீன் நுரைதான், இன்னும் அடர்த்தியாக வார்த்தது. உயிரைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது.

விழும்போது தலை ஒரே நொடிப்பொழுதில் நின்றால் மூளை மண்டையோட்டில் மோதும். தெர்மோகோல் நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கிறது. அந்தச் சில மில்லி நொடிதான் வித்தியாசம். ஆனால் ஸ்பாஞ்ச் மாதிரி அது திரும்பி எழாது. நசுங்கிய இடம் நசுங்கியதுதான். அடுத்த அடி அதே இடத்தில் விழுந்தால் அங்கே நசுங்க எதுவும் மிச்சம் இருக்காது.

இப்போது தென்காசி நண்பரின் ஹெல்மெட். காலி ஹெல்மெட் சுமார் 1.3 கிலோ, சீட் உயரம் 80 சென்டிமீட்டர். மனிதர் விழும்போது தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஏறத்தாழ 6 கிலோ, உயரம் ஒன்றரை மீட்டர். கணக்குப் போட்டால் இரண்டாவதன் ஆற்றல் முதலாவதைப் போல எட்டு ஒன்பது மடங்கு. அதைவிட முக்கியமானது, காலி ஹெல்மெட்டுக்குள் தெர்மோகோலை உள்ளிருந்து அழுத்த தலை இல்லை. ஆகவே சீட் உயரத்திலிருந்து ஒரு முறை காலியாக விழுந்ததற்காக அது பாழாகியிருக்க வாய்ப்பு குறைவு. தலையோடு விழுந்திருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். மாடியிலிருந்து விழுந்தாலோ, உள்ளே பூட்டோ பாட்டிலோ இருந்தபோது விழுந்தாலோ அதையும் மாற்றிவிடுங்கள்.

கோதை:
ஆனால் கம்பெனிக் கையேடுகளில் கீழே விழுந்தால் மாற்றுங்கள் என்றுதானே போட்டிருக்கிறார்கள்?

அச்சுவார்ப்பு:
பலவற்றில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் எங்கே, எப்படிப் போட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் பாதுகாப்பான பக்கம் நின்று எழுதுகிறார்கள். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். பணம் இருந்தால் மாற்றுங்கள். பணம் இல்லாதவர், "இது கெட்டுப்போச்சு" என்று நினைத்துப் புதிது வாங்கும்வரை வெறும் தலையோடு ஓட்டுவதுதான் எனக்குப் பயம். அப்படிப் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி செவிலி:
நான் மதுரைப் பக்கம் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். தெர்மோகோல், ஓடு எல்லாம் சரி. இங்கே யாரும் இன்னும் பட்டையைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கூட வருபவர்கள், "ஹெல்மெட் போட்டிருந்தான் சிஸ்டர்" என்பார்கள். ஹெல்மெட் எங்கே என்றால் ரோட்டில் பத்தடி தள்ளிக் கிடந்தது என்பார்கள். தாடைப் பட்டையை மாட்டவில்லை. வண்டி சறுக்கிய முதல் குலுக்கலிலேயே ஹெல்மெட் கழன்று பறந்துவிடுகிறது, அதன் பிறகுதான் தலை தரையில் மோதுகிறது. பட்டை மாட்டாத ஹெல்மெட் போலீஸ் அபராதம் 1,000 ரூபாயை வேண்டுமானால் மிச்சப்படுத்தும், தலைக்கு எதுவும் செய்யாது.

பக்கத்துத் தெருவுக்குத்தானே, 30 வேகத்தில்தானே போகிறேன் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே அண்ணன் சொன்ன ஒன்றரை மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுகொண்டே சாய்ந்தாலும், அந்த உயரத்திலிருந்து நேராக விழும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வேகம். தார் ரோட்டுக்கு அது போதும்.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வந்த ஒரு மதிப்பாய்வு, ஹெல்மெட் தலைக்காயத்துக்கான வாய்ப்பை 69 சதவீதமும் உயிரிழப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்று கணக்கிட்டது. அந்த எண்களை நான் படுக்கைகளில் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டெலிவரி தம்பி:
அக்கா, நன்றி. நான் ஒரு நாளைக்கு 11 மணி நேரம் ஹெல்மெட்டுக்குள்தான் இருக்கிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் பட்டையைப் போடாமலே விட்டுவிடுவேன். இன்று காலையிலிருந்து போடுகிறேன். கிளிக் என்று பூட்டும் வகை என்பதால் இரண்டு நொடிகூட ஆகவில்லை.

இரவுப்பணி செவிலி:
நல்லது தம்பி. பட்டைக்கும் தொண்டைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். மூன்றாவது விரல் போனால் தளர்வு. போட்ட பிறகு பின்பக்கம் அடியில் கையை வைத்து மேலே முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று முன்னால் உருண்டு வந்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது.

ஜிபி ரோடு பழைய ஆள்:
அளவு பற்றிச் சிஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது கடையில் நிற்க இடமில்லை. என்ன அளவு என்று யாரும் கேட்கவில்லை, "ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்டார்கள். நானும் கொடுத்தேன். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. ஒரு டேப்பை எடுத்து அளந்து கொடுக்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

தையல்காரர் டேப்பைப் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே வைத்து, பின்மண்டையின் பருத்த பகுதியைச் சுற்றி அளவெடுங்கள். 58 சென்டிமீட்டர் வந்தால் 580, 60 வந்தால் 600. இந்த எண் ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும். போட்டுப் பார்க்கும்போது கன்னம் இரண்டும் சற்று உள்ளே அமுங்க வேண்டும். புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும், சில வாரத்தில் பஞ்சு படிந்துவிடும். கடையிலேயே சுகமாக லூசாக இருந்தால் ஆறு மாதத்தில் தலையில் சுற்றும். ஆனால் நெற்றியில் ஒரே இடத்தில் குத்தி வலித்தால் அது உங்கள் தலை வடிவத்துக்கானது இல்லை, வேறு மாடல் பாருங்கள். பத்து நிமிடம் போட்டுக்கொண்டு கடையிலேயே நில்லுங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

தென்காசி ரைடர்:
அண்ணா, மிரரில் மாட்டுவதைப் பற்றி ஏன் கேட்டீர்கள்?

ஜிபி ரோடு பழைய ஆள்:
மிரரின் முனையும் தண்டும் உள்ளே தெர்மோகோலில்தான் குத்தி நிற்கும். மொத்த எடையும் ஒரே புள்ளியில். வண்டி ஆடும்போதெல்லாம் அந்த இடம் அமுங்கும். துணியை விலக்கி உச்சிப் பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படும் என்று நினைக்கிறேன்.

பெட்ரோல் டேங்கின் மேல் கவிழ்த்து வைப்பதும் கூடாது. பெட்ரோல் ஆவிக்கும் தெர்மோகோலுக்கும் ஆகாது.

வைகை எக்ஸ்பிரஸ்:
என் ஹெல்மெட்டில் பழைய ஸ்டிக்கரின் பசை போகாமல் இருந்தது. பஞ்சில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன், பளபளவென்று ஆகிவிட்டது. வாடைக்கும் அப்படி ஏதாவது செய்யலாமே?

அச்சுவார்ப்பு:
நண்பரே, தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். இதைப் படிக்கிற மற்றவர்களும் செய்யாதீர்கள்.

ஒரு துண்டு தெர்மோகோலில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பாருங்கள். கண்ணெதிரே கரைந்து குழி விழும். பாலிகார்பனேட் ஓட்டில் அப்படி உடனே தெரியாது, அதுதான் ஆபத்து. பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் அதன் மேற்பரப்பைத் தாக்கி, கண்ணுக்குத் தெரியாத நுண் விரிசல்களை உண்டாக்கும். ஓடு மொறுமொறுப்பாகிவிடும். அடி விழும்போது வளைந்து பரவ வேண்டிய இடத்தில் பிளந்துவிடும். பெயிண்டும் அப்படித்தான், சொந்தமாக ஸ்பிரே அடிக்க வேண்டாம். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய்கூட வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் தொட்ட துணியை அரை மணி நேரம் மேலே போட்டு வைத்துப் பொறுமையாகத் தேயுங்கள்.

உங்கள் ஹெல்மெட்டில் எவ்வளவு பெட்ரோல் பட்டது, எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் மாற்றிவிடுவேன்.

வைகை எக்ஸ்பிரஸ்:
மூன்று தடவை. சரி, மாற்றிவிடுகிறேன். எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் இப்படித்தான் துடைக்கிறார்கள். நாளைக்கே போய்ச் சொல்கிறேன்.

டெலிவரி தம்பி:
வாடைக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். என் ஹெல்மெட்டில் கன்னத்துப் பேடும் உச்சி லைனிங்கும் தனியாகக் கழன்று வரும். வாரம் ஒரு தடவை பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, குழந்தை ஷாம்பு இரண்டு சொட்டு விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்துக் கையால் அமுக்கி எடுப்பேன். முறுக்கிப் பிழியக் கூடாது, உள்ளே பஞ்சு கிழியும். நிழலில் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு காயட்டும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் அடித்து ஒரு பேடைக் கெடுத்திருக்கிறேன். அரைகுறை ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடித்து வாடை இன்னும் மோசமாகும்.

மழைக்காலத்துக்கு என்று இன்னொரு செட் பேட் வாங்கி வைத்திருக்கிறேன். லைனிங் கழலாத ஹெல்மெட்டாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உள்ளே ஒற்றி ஒற்றித் துடைத்து, அதே மாதிரி துணியைச் சுத்தத் தண்ணீரில் அலசி இன்னொரு முறை துடைத்தால் போதும்.

கோதை:
நம் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் யார் வெளியே போகிறார்கள்! அந்த எண்ணெய்தான் லைனிங்கில் ஏறி, தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கிறது. நான் மெல்லிய பருத்திக் கைக்குட்டையைத் தலையில் கட்டி அதன் மேல் ஹெல்மெட் போடுகிறேன். கைக்குட்டை தினமும் துவைக்கிற துணியோடு போய்விடும், லைனிங் மாதக்கணக்கில் சுத்தமாக இருக்கும். தடித்த துண்டாக இருக்கக் கூடாது, பிடிப்பு போய்விடும்.

பெண்களுக்கு ஒன்று. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் முழுதாக இறங்காது, மேலேயே நிற்கும். கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னல் போடுங்கள். கிளிப்பும் கொண்டை ஊசியும் வேண்டாம், விழுந்தால் அவையே தலையில் ஏறும். பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம், நான் கைப்பையில் வாழையிலையில் சுற்றி எடுத்துப் போகிறேன்.

இன்னொன்றும் நினைவு வருகிறது. வேப்பமரத்தடியில் வண்டியை விட்டிருந்தபோது ஹெல்மெட்டுக்குள் ஒரு பூரான் ஏறியிருந்தது. நல்ல வேளை, போடுவதற்கு முன் பார்த்தேன். அன்றிலிருந்து கவிழ்த்துத் தட்டாமல் தலையில் வைப்பதில்லை.

இரவுப்பணி செவிலி:
போனைக் கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே செருகிக்கொண்டு பேசுகிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கவனம் போவது ஒரு பக்கம். அந்தப் பேடு விரிந்து தளர்ந்துவிடும், விழுந்தால் கன்ன எலும்புக்கு நேராக ஒரு கண்ணாடிப் பலகை. வேண்டாம்.

ஜிபி ரோடு பழைய ஆள்:
முன்கண்ணாடியைப் பலரும் மறக்கிறார்கள். இரவில் எதிர் வண்டி விளக்கு பட்டதும் கண்ணாடி முழுக்க நட்சத்திரம் மாதிரி சிதறினால் கீறல் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்கும், அதற்காக முழு ஹெல்மெட்டை மாற்ற வேண்டாம். காய்ந்த பூச்சியை நகத்தால் சுரண்டுவதால்தான் பாதிக் கீறல். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறித் தானாக வரும். டூத்பேஸ்ட் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், அது மேலே உள்ள பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். கறுப்புக் கண்ணாடி பகலுக்கு மட்டும்.

தென்காசி ரைடர்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி துணியை விலக்கித் தடவிப் பார்த்தேன். பள்ளம் இருக்கிறது. அப்பா சொல்படி மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, பழையதை ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தால் இரண்டாக அறுத்தோம். பார்த்ததை எழுதுகிறேன்.

பெயிண்ட் உரிந்த இடத்துக்கு நேர் உள்ளே தெர்மோகோல் புதுசு போல இருந்தது. ஒரு கோடுகூட இல்லை. ஆனால் உச்சியில் இரண்டு குழி. ஒன்றில் என் கட்டைவிரல் நகம் முழுதாக மறைகிறது. மூன்று வருடம் மிரரில் தொங்கியதன் அடையாளம். அது போதாதென்று, இடது பக்கப் பட்டையைப் பிடித்திருக்கும் ரிவெட்டைச் சுற்றித் துரு. பட்டையின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. தினமும் கையால் தொடுகிற இடம், ஒரு நாளும் பார்த்ததில்லை.

அச்சுவார்ப்பு:
மிக நல்ல காரியம் செய்தீர்கள். விழுந்த நாளை நினைத்துப் பயந்தோம், விழாத நாட்களில்தான் கெட்டிருக்கிறது. வியர்வை உப்பு ரிவெட்டைத் தின்னும். எண்ணெய், வெயில், பசை காய்வது எல்லாம் சேர்ந்துதான் 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பந்தய ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அறக்கட்டளையும் அதே 5 வருடம்தான் சொல்கிறது. 1956இல் கார்ப் பந்தயத்தில் ஹெல்மெட் காப்பாற்றாமல் இறந்த பீட் ஸ்னெல் என்பவரின் நினைவாக, அடுத்த வருடம் தொடங்கியது அது.

அறுத்த பாதிகளை யாரும் எடுத்துப் போட முடியாதுதானே? முழுதாகக் குப்பையில் போட்டால் இன்னொருவர் எடுத்து மாட்டிக்கொள்வார். அறுக்க முடியாதவர்கள் பட்டையையாவது வெட்டிவிட்டுப் போடுங்கள்.

தென்காசி ரைடர்:
பாதிகள் வீட்டில்தான் இருக்கின்றன. புதிது வாங்கும்போது முத்திரை உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

ஜிபி ரோடு பழைய ஆள்:
ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்று இருக்க வேண்டும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். போனில் பிஐஎஸ் கேர் செயலியை இறக்கி அந்த எண்ணை அடித்தால் எந்தக் கம்பெனி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். ஹெல்மெட்டில் உள்ள பெயரும் அதில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனாலும் ரோட்டோரத்தில் ஸ்டிக்கரை ஒட்டி 250 ரூபாய்க்கு விற்கிறார்கள். உள்ளே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வெறும் ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தால் அது தொப்பி.

இரவுப்பணி செவிலி:
கடைசியாக ஒன்று, இது ஹெல்மெட் போட்டவருக்கு உதவுபவர்களுக்கு. ரோட்டில் விழுந்து கிடப்பவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே கை கால் செயலைப் பறித்துவிடும். மூச்சு சீராக இருந்தால் கண்ணாடியைத் திறந்துவிட்டு, தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். மூச்சு இல்லை, அல்லது வாந்தி வந்து அடைக்கிறது என்றால் கழற்றத்தான் வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பட்டையை அவிழ்த்து, ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்க வேண்டும். இன்னொருவர் தலைமாட்டில் இருந்து ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்தபடி மெதுவாக உருவ வேண்டும்.

கோதை:
அக்கா, பின்னால் உட்காரும் அம்மாவுக்கு என்ன வாங்கலாம்? முழு முகம் மூச்சு முட்டுகிறது என்கிறார்.

இரவுப்பணி செவிலி:
முகம் திறந்த வகையில் காதும் பிடரியும் மூடுகிறதை வாங்குங்கள். தாடைக்குப் பாதுகாப்பு குறைவுதான், ஆனால் அம்மா தினமும் போட்டுக்கொள்வார். உச்சியை மட்டும் மூடும் கிண்ணம் போன்றது வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கும் ஹெல்மெட் உண்டு. 4 வயதுக்குக் கீழே என்றால் ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் அதுவே விதி.

தென்காசி ரைடர்:
எனக்கு 600, அப்பாவுக்கு 580, வீட்டு டேப்பில் அளந்தாயிற்று. அம்மா, "எனக்கு எதற்கு, வாரத்தில் ஒரு நாள் கோயிலுக்குத்தானே" என்றார். அறுத்த பாதியைக் கையில் கொடுத்து அந்தக் குழியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போகிறோம்.